டைட்டஸ் மீட்டரின் பச்சை விளக்கு

பங்காருப்பேட்டையைத் தாண்டிய பிறகுதான் டைட்டஸுக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. சன்னலோரம் இல்லை, இரண்டு பெரிய தோள்களுக்கு நடுவில். பையை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தான். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்க்கிறவர்களின் 'சால்டர் நண்பர்கள்' வாட்ஸ்அப் குழுவில் நாற்பது செய்திகள் வந்து கிடந்தன. வழக்கமாக ஒரு நாளைக்கு ஐந்தாறு வந்தாலே அதிகம்.

மேலே தள்ளிப் பார்த்தான். ஒரு படம். பெண் கை ஒன்று, முழங்கை வரை மாவுக்கட்டு. இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் நுனியில் தீய்ந்த கறுப்பு. கீழே பேத்தமங்களா குணசுந்தரி எழுதியிருந்தார்.

"டிவி பவர் போர்டு பாக்கும்போது பெரிய கெப்பாசிட்டர் ஷாக் அடிச்சிடுச்சு. ஸ்டூலோட கீழ விழுந்து மணிக்கட்டு எலும்பு ஒடஞ்சிடுச்சு. டைட்டஸ் சார் மீட்டர வெச்சு பாத்துட்டுதான் கை வெச்சேன். பச்சை எரிஞ்ச மாதிரி ஞாபகம். நான்தான் சரியா பாக்காம விட்டிருப்பேன். மீட்டர் மேல தப்பு இல்ல. எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க."

கடைசி இரண்டு வரிகளை டைட்டஸ் மறுபடி மறுபடி படித்தான். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார்; அவன் காதில் விழவில்லை. அந்த அம்மாள் சரியாகத்தான் பார்த்திருந்தார். பச்சை விளக்கு நிஜமாகவே எரிந்திருக்கும். அது அவனுக்குத் தெரியும். அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

டைட்டஸுக்கு நாற்பத்தாறு வயது. கோலார் தங்கவயலில், ஊரிகத்தில் வீடு. பெங்களூரில் லிஃப்ட்டுக்கான கண்ட்ரோல் போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக டெஸ்டிங் பிரிவில் இருந்தான். டிப்ளமோவில் இரண்டு பாடம் பாக்கி. அதை எழுதி முடிக்காமலே வேலைக்கு வந்துவிட்டவன். அதனால் அவன் சோதித்து எழுதும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு எப்போதும் வேறொருவர் தேவைப்பட்டார். இப்போது போடுகிறவனுக்கு இருபத்தாறு வயது. "டைட்டஸ், இது ஓகேவா?" என்று கேட்பான். ஓகே என்று இவன் சொன்னதும் படிக்காமல் போடுவான்.

அந்த மீட்டரை அவன் இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, வீட்டின் முன் அறையில் உட்கார்ந்து செய்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற கருவி. ஒன்பது வோல்ட் பேட்டரி, சின்னத் திரை, சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள். பழைய டிவியோ இண்டக்ஷன் அடுப்போ ரிப்பேர் பார்க்கிறவர்கள் கெப்பாசிட்டரைக் கழற்றாமலே அது நல்லதா கெட்டதா என்று பார்த்துவிடலாம். அப்படிப்பட்ட மீட்டர் கடையிலும் கிடைக்கும். ஆனால் டைட்டஸ் அதில் ஒன்று கூடுதலாகச் சேர்த்திருந்தான். கெப்பாசிட்டர் என்பது கரண்ட்டை உள்ளே தேக்கி வைத்துக்கொள்கிற சாமான். பிளக்கைப் பிடுங்கின பிறகும் முந்நூறு வோல்ட் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். தெரியாமல் தொட்டால் தூக்கி எறியும். டைட்டஸின் மீட்டர் முனை பட்டதும் முதலில் அதைத்தான் பார்க்கும். உள்ளே ரிலே என்கிற ஒரு குட்டி சுவிட்ச் 'டிக்' என்று சத்தம் போட்டு முனையை அளக்கும் பகுதியோடு சேர்க்கும். கரண்ட் இருந்தால் சிவப்பு விளக்கு. இல்லாவிட்டால் பச்சை. பச்சை எரிந்தால் கை வைக்கலாம்.

அந்தப் பச்சை விளக்கில் அவனுக்கு அத்தனை பெருமை.

பெங்களூரில் பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். அதில் பேசச் சொல்லி அவனைக் கூப்பிட்டார்கள். கூட்டத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை மதியம், மீட்டரைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தான். சார்ஜ் ஏற்றின கெப்பாசிட்டரில் முனையை வைத்தான். பச்சை எரிந்தது.

டைட்டஸ் கையை இழுத்துக்கொண்டான். மறுபடி வைத்தான். பச்சை. இந்தத் தடவை காதைக் கொடுத்துக் கேட்டான். 'டிக்' சத்தம் வரவில்லை. பேட்டரியை அளந்தான், இறங்கிப் போயிருந்தது. புதுசு போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. டிக், சிவப்பு. டிக், சிவப்பு.

விஷயம் அப்போதே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. பேட்டரி சோர்ந்துவிட்டால் ரிலேவை இழுக்கச் சக்தி இருக்காது. முனை உள்ளே சேராது. சேராவிட்டால் அளக்கும் பகுதிக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியாததை அது 'ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொண்டு பச்சையைப் போட்டுவிடும். கதவைத் தட்டாமலே வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வருகிற மாதிரி. சரி செய்ய வேண்டுமென்றால் போர்டையே மாற்ற வேண்டும், ஒரு மாதமாவது ஆகும். விடிந்தால் கூட்டம்.

மீட்டரோடு கொடுக்கும் விளக்கக் காகிதத்தின் இரண்டாம் பக்கத்தில், அடியில், ஒரு வரி சேர்த்தான்: 'நல்ல பேட்டரியைப் பயன்படுத்தவும்.' ஏன் என்று எழுதவில்லை.

மறுநாள் கூட்டத்தில் எண்பது பேர் கை தட்டினார்கள். எஞ்சினியர்கள், காலேஜ் லெக்சரர்கள். "சார், இந்த ஐடியா எப்படி வந்தது?" என்று கேட்டார்கள். அவனை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. திரும்பி வரும்போது மாரிகுப்பம் ரயிலில் நின்றுகொண்டே வந்தான். கால் வலித்தது தெரியவில்லை. மூன்று மாதத்தில் முப்பத்தொரு பேர் அவனிடம் போர்டு வாங்கி மீட்டர் செய்துகொண்டார்கள். குணசுந்தரி அதில் ஒன்பதாவது ஆள்.

இப்போது ரயிலில் உட்கார்ந்து அவன் என்ன எழுதுவது என்று யோசித்தான். குழுவில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். ஆண்டர்சன்பேட்டை ரூபேஷ், குழுவைத் தொடங்கினவன், "டைட்டஸ் சார், பாத்தீங்களா?" என்று நேராகவே கேட்டிருந்தான். டைட்டஸ் தட்டினான்: "மிகவும் வருத்தம் மேடம். சீக்கிரம் குணமாக ஜெபிக்கிறேன். பேட்டரி பழசா இருந்திருக்கும்னு நெனக்கிறேன். கையேட்டுல ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கேன். எல்லாரும் அத தயவுசெஞ்சு படிங்க."

அனுப்பியதும் கட்டை விரல்கள் வந்து விழ ஆரம்பித்தன. ஒன்று, நான்கு, பதினொன்று. குணசுந்தரியும் எழுதினார்: "ஆமா சார், பேட்டரி மாத்தி ரொம்ப நாளாச்சு. படிக்காம விட்டது என் தப்புதான்."

டைட்டஸ் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தான். ஒயிட்ஃபீல்டு வரை அதைத் திருப்பவே இல்லை.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் அதைவிட மோசம். ஒரு மாதம் உட்கார்ந்து போர்டை மாற்றி வரைந்தான். ரிலே இழுத்ததா இல்லையா என்று மீட்டரே முதலில் சரிபார்த்துக்கொள்ள வழி செய்தான். வேலை நன்றாகவே வந்தது. ஆனால் குழுவில் அறிவிக்கும்போது, 'இரண்டாம் பதிப்பு, கூடுதல் பாதுகாப்பு வசதியுடன்' என்று எழுதினான். பழையதை உபயோகிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மறுபடி கட்டை விரல்கள். "நீங்க எங்கயோ போயிட்டீங்க சார்," என்று ஒருவர்.

சாப்பாடு இறங்கவில்லை. அவன் மனைவி ஐடா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கேட்டதற்கெல்லாம் ஆபீஸ் டென்ஷன் என்றான். சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும்போது வாய் மட்டும் அசைந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை குணசுந்தரி குழுவில் இன்னொரு படம் போட்டார். மேசை மேல் வரிசையாகச் சாமான்கள்: சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர் செட், பூதக்கண்ணாடி விளக்கு, டப்பா டப்பாவாக உதிரிகள். "கட்டு பிரிச்சாச்சு. இனிமே ரிப்பேர் வேல வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கலாம். சும்மாதான். டைட்டஸ் சார் மீட்டரும் இருக்கு, நல்லா வேல செய்யுது."

அன்று மாலை ஐடா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். டைட்டஸ் எதிரே வந்து உட்கார்ந்தான். போனை நீட்டினான். அவள் படித்துவிட்டு, "பாவம், இன்னாச்சு அந்தம்மாக்கு?" என்றாள்.

அவன் சொன்னான். சனிக்கிழமை மதியத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். இரண்டாம் பக்கத்து வரியையும் சொன்னான்.

ஐடா சிவப்புப் பேனாவை மூடினாள். "தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"அப்பிடி நெனச்சு குடுக்கல. யாருக்கு ஆவப்போவுதுன்னு..."

"நான் அத்த கேக்கல. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். "சனிக்கிழம லீவுதான உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். மறுபடி தாளை இழுத்துக்கொண்டாள். ஆனால் அந்தத் தாளில் அவள் வெகுநேரம் எதுவுமே போடவில்லை.

சனிக்கிழமை டைட்டஸ் பேத்தமங்களாவுக்கு பஸ் ஏறினான். பையில் தன்னுடைய பழைய மீட்டர், சார்ஜ் ஏற்ற ஒரு சின்னச் சாதனம், ஒரு கெப்பாசிட்டர், சோர்ந்துபோன ஒரு பேட்டரி. வழியெல்லாம் முதல் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனான். 'மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.' அவ்வளவுதான். அதற்கு மேல் வாக்கியம் அமையவில்லை.

குணசுந்தரிக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று இருக்கும். கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாகப் பதினான்கு வருடம் பெங்களூரில் டெலிபோன் தொழிற்சாலையில் போர்டு சால்டர் செய்தவர். அது மூடின பிறகு வீட்டிலேயே ரிப்பேர் பார்த்து வந்தார். சுற்று வட்டாரத்தில் மிக்ஸியோ டிவியோ எது நின்றாலும் அவரிடம்தான் வரும். புருஷன் ராஜப்பா பால் சொசைட்டியில் வேலை.

வாசலில் இவனைப் பார்த்ததும் குணசுந்தரியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, டைட்டஸ் சாரா! வாங்க சார், வாங்க. இன்னாங்க, யாரு வந்துகிறாரு பாருங்க! மீட்டர் கண்டுபுடிச்சாரே, அவரு!"

ராஜப்பா லுங்கியைச் சரி செய்துகொண்டே வந்து நாற்காலி போட்டார். காபி வந்தது, முறுக்கு வந்தது. மெலிந்து போன மணிக்கட்டை குணசுந்தரி அடிக்கடி இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"இவ்ளோ தூரம் பாக்க வந்துகிறீங்களே, அதுவே போதும் சார்," என்றார்.

"நான்தான் விட்ருன்னேன் சார்," என்றார் ராஜப்பா. "கண்ணு முன்ன மாதிரி இல்ல. எரியற லைட்டு இன்னா கலர்னே தெரியலன்னா, கரண்ட்ல கை வெக்கலாமா? புள்ளையும் அதான் சொன்னான். போன மாசம் டாக்டர்கிட்ட கண்ணு காட்டினோம்."

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று டைட்டஸ் கேட்டான்.

"கண்ணு நல்லாத்தான் கீதுன்றாரு," என்றார் குணசுந்தரி. "அப்ப புத்திதான் தடுமாறுது போல."

டைட்டஸ் காபியைக் குடித்து முடித்தான். "ஒடம்ப பாத்துக்கோங்க மேடம்," என்றான். எழுந்தான். செருப்பை மாட்டினான். இரண்டு பேரும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். பஸ் நிறுத்தம் வரை நடந்தே வந்துவிட்டான். தான் இப்படிச் செய்கிறோம் என்பதே அவனுக்கு நம்ப முடியவில்லை. கால்கள் பாட்டுக்கு நடந்தன. பஸ் வந்தது. கண்டக்டர், "கேஜிஎஃப், கேஜிஎஃப்," என்று கூவினார். படியில் ஒரு காலை வைத்தவன் இறங்கிவிட்டான். வருகிறானா இல்லையா என்று கண்டக்டர் கன்னடத்தில் அதட்டினார்: "பர்த்தீரா, இல்வா?" டைட்டஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

திரும்பி வந்து நின்றவனைப் பார்த்து, "எதனா மறந்துட்டீங்களா சார்?" என்றார் குணசுந்தரி.

"உங்க மீட்டர் எடுத்தாங்க மேடம். ஒரு நிமிஷம்."

அவர் மேசை மேல் இருந்ததை எடுத்து வந்தார். டைட்டஸ் அதில் தன் பையிலிருந்த சோர்ந்த பேட்டரியைப் போட்டான். கெப்பாசிட்டரில் சார்ஜ் ஏற்றி, சாதாரண மீட்டரில் காட்டினான்: இருநூற்று எண்பது வோல்ட். "இப்ப இத்த வெச்சு பாருங்க. கையப் பக்கத்துல கொண்டு போவாதீங்க."

குணசுந்தரி முனைகளை வைத்தார். பச்சை எரிந்தது.

அவர் முனைகளை எடுத்து மறுபடி வைத்தார். பச்சை. மூன்றாவது தடவையும் பச்சை.

"டிக்குனு சத்தம் வரலியே," என்றார் மெதுவாக.

"ரிலே இழுக்கல. பேட்டரி எறங்கினா இழுக்காது. இழுக்கலன்னாலும் பச்ச எரியும். அன்னிக்கு நீங்க சரியாதான் பாத்தீங்க மேடம். பச்சதான் எரிஞ்சிருக்கும். தப்பு என் மீட்டர்ல."

ராஜப்பா மனைவியைப் பார்த்தார். குணசுந்தரி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முனைகளை மேசையில் வைத்துவிட்டு, "இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒரு சுலபமான பதில் இருந்தது. உங்களுக்கு அடிபட்ட பிறகுதான் என்று சொல்லிவிடலாம். அவர் நம்பியிருப்பார்; மன்னித்தும் இருப்பார். பஸ்ஸில் வரும்போது அந்தப் பதில் தன் மனதில் ஒரு மூலையில் தயாராகவே இருந்தது என்பதை டைட்டஸ் அப்போதுதான் உணர்ந்தான்.

"மீட்டிங்குக்கு மொத நாளே தெரியும்," என்றான். "உங்களுக்கு போர்டு அனுப்பறதுக்கு முன்னாடியே."

"அப்ப அந்த ரெண்டாம் பக்கம்?"

"அது... நாளைக்கு எதனா ஆச்சுன்னா சொல்லிக்கறதுக்கு."

குணசுந்தரி அழவில்லை. குரலும் உயரவில்லை. "எலும்பு ஒடஞ்சது பெருசு இல்ல," என்றார். "ரெண்டு மாசமா நான் என்னையே சந்தேகப்பட்டுகினு கெடக்குறேன். அடுப்புல பால் வெச்சா, அணைச்சனா இல்லியான்னு நாலு வாட்டி போய் பாக்கறேன். புள்ள என்ன எதுக்கும் நம்ப மாட்டேன்றான். முப்பது வருஷம் வேல செஞ்ச கை இது. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். தோ, குரூப்புலயே இருந்தீங்களே, தெனம்."

டைட்டஸுக்குத் தலை நிமிரவில்லை. ராஜப்பாதான் கோபப்பட்டார். "இன்னா சார் இது? படிச்சவங்க பண்ற வேலயா?"

"போன எடுங்க," என்றார் குணசுந்தரி. "குரூப்ல எழுதுங்க. இங்கயே, இப்பவே."

அவன் எழுதினான். இரண்டு முறை அழித்து எழுத வேண்டியிருந்தது. முடித்து அவரிடம் கொடுத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"'ஒரு சிறு குறை'ன்னு போட்டுகிறீங்க. சிறுங்கறத எடுங்க."

எடுத்தான்.

"'பின்னர் தெரிய வந்தது'ன்னு கீது. யாருக்கு, எப்ப தெரிய வந்துச்சு?"

'கொடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்' என்று மாற்றினான். 'பழைய மீட்டரை யாரும் தொட வேண்டாம். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்றும் சேர்த்தான். அவர் தலையசைத்ததும் அனுப்பினான். குழுவில் ஒரு கட்டை விரலும் வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து பெங்களூர் லெக்சரர் ஒருவர் குழுவிலிருந்து வெளியேறினார். ரூபேஷ் போன் செய்தான். "சார், என் தம்பியும் அதத்தான் யூஸ் பண்றான் சார்," என்றான். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

இவன் கிளம்பும்போது யாரும் வாசல் வரை வரவில்லை.

அடுத்த நான்கு மாதமும் டைட்டஸின் சனியும் ஞாயிறும் மீட்டர்களைத் திரும்ப வாங்குவதிலேயே போயின. தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கலாம். அவன் நேரில்தான் போனான். முல்பாகல், மாலூர், ஒசூர், வேலூர். சிலர் பரவாயில்லை என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் முன்னால்தான் அவனுக்கு நிற்கவே முடியவில்லை. மாலூரில் ஒருவர் உள்ளே கூடக் கூப்பிடாமல் கேட்டுக்கு மேலாக மீட்டரை நீட்டினார். கம்பெனியிலும் விஷயம் தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போடுகிற பையன் இப்போது காகிதத்தை முழுதாகப் படித்துவிட்டுத்தான் போட்டான். டைட்டஸ் பக்கத்திலேயே நின்று காத்திருந்தான். அவன் படிப்பது சரிதான் என்று பட்டது. ஆனாலும் காது மடல் சூடாகும்.

ஐடா அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஒவ்வொரு வாரமும் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்து, "இந்த வாரம் எங்க?" என்று மட்டும் கேட்பாள்.

குணசுந்தரி தன் சாமான்களை யாருக்கும் கொடுக்கவில்லை. மறுபடி ரிப்பேர் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று ரூபேஷ் மூலமாகத் தெரிந்தது. டைட்டஸின் மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய பழக்கப்படி, ஹோல்டரில் மாட்டின குண்டு பல்பின் இரண்டு ஒயரை கெப்பாசிட்டரில் வைத்து, சார்ஜை இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார்.

ஆறாவது மாதம் அவரிடமிருந்து டைட்டஸுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. வணக்கமோ விசாரிப்போ இல்லை. "ரெண்டாவது மாடல் ஒண்ணு அனுப்புங்க. நான் டெஸ்ட் பண்ணணும்."

அனுப்பினான். அவர் எங்கெங்கோ கேட்டு முப்பது பழைய பேட்டரிகளைச் சேர்த்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். பத்து நாள் கழித்து எழுதினார்: "சிவப்பு கறுப்ப மாத்தி வெச்சா மொத அரை செகண்ட் பச்சை எரியுது. வீடியோ பாருங்க."

பார்த்தான். உண்மைதான். அது அவனுக்குத் தெரியாத குறை, நிஜமாகவே தெரியாது. ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு இப்போது யோக்கியதை இல்லை. 'சரிதான். குழுவில் இன்றே சொல்லிவிடுகிறேன்' என்று எழுதினான்; சொன்னான். அந்த மாதத்திலேயே பச்சை விளக்கை அடியோடு எடுத்துவிட்டான். மூன்றாவது மாடல் எத்தனை வோல்ட் என்று எண்ணை மட்டும் காட்டும். கை வைக்கலாம் என்று யாரிடமும் சொல்லாது. அதையும் அவருக்கு எழுதினான். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு மட்டும் விழுந்தது.

முப்பத்தொன்றில் முப்பது மீட்டர் திரும்பி வந்துவிட்டன. ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. ஆந்திராவிலுள்ள குப்பம் ஊரில் சிவகுமார் என்று ஒருவர். போன் எண் மாறிவிட்டது. போன ஞாயிறு டைட்டஸ் அங்கே போனான். வீடு பூட்டியிருந்தது. ஆறு மாதம் முன்பே காலி செய்துகொண்டு திருப்பத்தூர் பக்கம் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டு சரோஜம்மா சொன்னார். "கூடவே ஒரு பெட்டி நெறைய ஒயரும் மிசினும் எடுத்துனு போனாரு. நீங்க அவருக்கு இன்னா ஆவணும்?"

டைட்டஸ் அவரிடம் ஒரு காகிதம் கேட்டு வாங்கி, தன் பெயரையும் எண்ணையும் எழுதி, மீட்டரில் என்ன குறை என்பதை ஆரம்பத்திலிருந்து எழுதத் தொடங்கினான்.